கழற்றி வைத்த வைப்பர்

இது நடந்தது. குடித்துவிட்டுச் சொல்லவில்லை. அன்றைக்கு என் வயிற்றில் இருந்தது ஆறிப்போன காப்பியும் அரை டோனட்டும்தான். சாட்சிக்கு ரொடேல் இருக்கிறான். அவனிடம் போய்க் கேட்டால் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவான். அதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஓரெஸ்ட். ஆல்பர்ட்டாவில், ரெட் டீர் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரமாக என் கடை. கார் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவோம். பெயின்ட் மேல் கண்ணுக்கே தெரியாத பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவோம். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் வழுக்காமலிருக்கச் சரளைக்கல் போடுவார்கள். முன்னால் போகிற லாரி அதை நம் பானெட் மேல் வாரி இறைத்துவிட்டுப் போகும். அந்தக் கல் புண்ணியத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

பேய்க் கதை என்றாலே எனக்கு எரிச்சல். பயமில்லை, எரிச்சல். நல்ல நாளிலேயே தூசி, நூல், பூனை முடி என்று ஃபிலிமுக்கு அடியில் ஏதாவது போய் மாட்டிக்கொண்டு உயிரை வாங்கும். இதில் பேய் ஒன்றுதான் குறைச்சலா?

ஜனவரி மாதம். கண் கூசுகிற வெயில், எலும்பைத் துளைக்கிற குளிர். மதியத்துக்கு முன்னால் மார்லீன் ஒரு கறுப்பு பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஊரிலேயே பெரிய பிக்கப் விற்பனைக் கடைக்கு அவள்தான் மேலாளர். என் கடைக்கு வருகிற வண்டியில் பாதி அவள் அனுப்புவது. அது தெரிந்துதான் பேசுவாள்.

"பழைய வண்டிதான், ஆனா புதுசு மாதிரி இருக்கு பாரு. பானெட்டுக்கும் முன் கண்ணாடிக்கும் ஃபிலிம். ஆறு மணிக்கு வாங்கினவங்க வந்து நிப்பாங்க."

"ஆறுக்கு ரெடியா இருக்கும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. இந்தத் தடவை சொதப்பினே, ஓரெஸ்ட், எல்லா வண்டியும் எதிர் ரோட்டுக் கடைக்குப் போயிடும். அப்புறம் எங்கிட்ட வந்து மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே."

எதிர் ரோட்டுக் கடைக்காரன் என்னிடம் தொழில் பழகியவன். போதாதா? பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை வாங்கி என் அறையில் ஆணியில் மாட்டினேன்.

ரொடேல் வேலையை ஆரம்பித்தான். ஃபிலிப்பைன்ஸ்காரன். கை சுத்தம், வாய்தான் சுத்தம் கிடையாது. வண்டியைக் கழுவித் துடைத்தான். முன் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்ட வேண்டும் என்பதால் இரண்டு வைப்பர் கைகளையும் கழற்றி மேசைமேல் வைத்தான். அவை நின்ற இடத்தில் இரண்டு இரும்பு முளைகள் மட்டும் மிச்சம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் ஒரு கட்டாயம் உண்டு. ஃபிலிமைத் தொடும் முன்னால் விரலைச் சோப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த விரல் பசைப் பக்கம் பட்டால் ரேகை அப்படியே பதிந்துவிடும். என்ன செய்தாலும் போகாது. அந்த ஃபிலிம் குப்பைக்குத்தான்.

ரொடேல் பானெட்டை நனைத்தான். இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து ஃபிலிமை விரித்தோம். தண்ணீரை ரப்பர் தகட்டால் தள்ளித் தள்ளி வெளியேற்றினான். மேலே வரிசையாக விளக்கு. பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது.

"பாஸ்... இங்க பாருங்க."

பானெட்டின் முன் விளிம்பில், கிரில்லுக்கு மேலே, ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும். ஃபிலிமுக்கு அடியில்.

"காஞ்ச கையால தொட்டியாடா?"

"நானா? என் கையைப் பாருங்க பாஸ், ஊறிப்போய் மீன் மாதிரி வெளுத்துக் கெடக்கு. நீங்கதான் டோனட் தின்ன கையோட வந்தீங்க."

எங்கள் கைகளை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அவன் கையைவிடப் பெரியது. என் கையைவிடவும் பெரியது. விரல்கள் முன் கண்ணாடியைப் பார்த்து நீண்டிருந்தன.

உரித்தேன். குப்பையில் எறிந்தேன். ஃபிலிம் வந்த சுருளிலேயே கோளாறு, கம்பெனிக்காரனைக் கிழிக்கிறேன் என்று கத்திக்கொண்டே புதுச் சுருளைப் பிரித்தேன். பானெட்டை மறுபடி ஸ்பிரிட்டால் துடைத்தோம். இரண்டாவது ஃபிலிம்.

தண்ணீர் வடிந்ததும் தெரிந்தது. அதே கை. ஆனால் முன் விளிம்பில் இல்லை.

பானெட்டின் நடுவில் இருந்தது.

ரொடேல் அதையும் உரித்துக் குப்பையில் போட்டான். பெயின்ட் கனம் பார்க்கிற கருவியை எடுத்து வந்தான். மார்லீன் அனுப்புகிற வண்டியில் நாங்கள் அதை வைப்பதே இல்லை. வைத்தால் அவளை நம்பவில்லை என்று அர்த்தம். கதவில் வைத்தான், சரியாக இருந்தது. பானெட்டில் வைத்தான். மூன்று மடங்கு.

அவளுக்கு போன் போட்டேன்.

"மார்லீன், பானெட்டுக்கு யாரோ மறு பெயின்ட் அடிச்சிருக்காங்க. நீ சொல்லவே இல்லை."

"எனக்கே தெரியாது. மான் மோதியிருக்கும். இந்த ஊர்ல யார் வண்டில மான் மோதல? பேசாம ஒட்டு."

"ஒட்டினா சுத்தமா வரலையே!"

"ஆறு மணி, ஓரெஸ்ட்." வைத்துவிட்டாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

ஷட்டர் பக்கம் யாரோ என்று நினைத்தேன். கூரியர்க்காரன் இப்படித்தான், நேரம் பார்த்து வருவான். போய்த் திறந்தேன். பளீரென்று வெயில். முற்றம் முழுக்கப் புதுப் பனி. அதில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. அரைச் சுருள் ஃபிலிம் குப்பையில் கிடக்கிற கடுப்பில், வெளியே யாருமே இல்லாத பனியைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

மூன்றாவது ஃபிலிம். இந்த முறை நானே இரண்டு கையையும் முழங்கை வரை நனைத்துக்கொண்டேன். ரொடேலை ஒதுங்கி நிற்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் தள்ளினேன்.

இரண்டு கைகள்.

கண்ணாடியை ஒட்டி, பானெட்டின் பின் விளிம்பில். விரல்கள் மடங்கியிருந்தன. எதையோ இறுக்கிப் பிடித்தது போல.

"பாஸ்," என்றான் ரொடேல். குரல் இறங்கியிருந்தது. "இது ஏறி வருது."

"வாயை மூடு."

"கீழ இருந்துச்சு. அப்புறம் நடுவுல. இப்போ..."

"வாயை மூடுன்னு சொன்னேன்ல! பானெட்டை அப்படியே விடு. கண்ணாடிக்கு ஒட்டு. ஒரு வேலையாவது முடியட்டும்."

கண்ணாடிக்கு ஒட்டினோம். சுத்தமாக வந்தது. ஒரு தூசி இல்லை. எனக்கு அழுகை வராத குறை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது; இங்கே ஜனவரியில் வெயில் சீக்கிரமே ஓடிவிடும். பானெட்டைப் பற்றி மார்லீனிடம் என்ன பொய் சொல்லலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

க்ர்ர்க்... க்ர்ர்க்...

வைப்பர் மோட்டார்.

மேசைமேல் வைப்பர் கைகள் அசையாமல் கிடந்தன. வண்டியில் அந்த இரண்டு இரும்பு முளைகள் மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தன.

"சாவியை யார் போட்டது?"

"சாவி உங்க ரூம்ல, பாஸ். இங்கிருந்தே தெரியுது. ஆணில தொங்குது."

பானெட்டைத் தூக்கி, ஸ்பானரால் பேட்டரி ஒயரைக் கழற்றினேன்.

க்ர்ர்க்...

ஒயர் என் கையில் இருந்தது.

க்ர்ர்க்...

நின்றது.

பானெட்டை மூடினேன். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். சுவிட்சில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கத்தான். வைப்பர் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. தலையை நிமிர்த்தினேன்.

முன் கண்ணாடியில், என் முகத்துக்கு நேரே, ஒரு உள்ளங்கை. ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில்.

சற்று முன் அது இல்லை.

டக்...

இம்முறை எங்கிருந்து என்று தெரிந்தது.

டக்...

கண்ணாடியில். வெளிப்பக்கம். எனக்கு எதிரே.

டக்...

அங்கே யாருமில்லை.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ரொடேல் சுவரோடு ஒட்டிக்கொண்டு அவன் மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். எனக்கு வந்தது என்ன என்று உண்மையைச் சொல்கிறேன்: ஆத்திரம். என் கடை, என் நாள், என் பிழைப்பு எல்லாவற்றையும் கெடுத்த அந்தப் பானெட் ஃபிலிமின் முனையைப் பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு இழுத்தேன்.

பெயின்ட்டும் சேர்ந்து வந்தது. தகடு தகடாக.

அடியில் வெள்ளையாகப் பட்டி. பள்ளத்தை மறைக்கப் பூசியது. அவசர வேலை, யாரோ வீட்டுக் கொட்டகையில் வைத்துச் செய்தது. பட்டியும் பெயர்ந்து வந்தபோது பள்ளம் தெரிந்தது. வட்டமாக. ஒரு தலை அளவு.

மார்லீன் சொன்னபடி ஆறு மணிக்கு வந்தாள். கிழிந்த பானெட்டைப் பார்த்ததும் வாயில் வந்ததையெல்லாம் பேசினாள். எதிர் ரோட்டுக் கடையின் பெயரையும் சொல்லிவிட்டாள். அத்தோடு அவளுக்கும் எனக்கும் தொழில் முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது.

"ஒரு மான் மோதின வண்டியை இப்படியா நாசம் பண்ணுவே?"

ரொடேல் குப்பைத் தொட்டியிலிருந்து முதல் ஃபிலிமை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

"மேடம், மானுக்குக் கை இருக்கா?"

அவள் பார்த்தாள். போலீசுக்கு போன் போட்டதும் அவள்தான்.

பூஷே என்ற பெண் அதிகாரி வந்தார். வண்டியையும் குப்பைத் தொட்டியையும் எடுத்துக்கொண்டார். நடந்ததைச் சொன்னேன். வைப்பர் மோட்டார் சுற்றியதைச் சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மார்லீன் ஒரு வண்டிகூட அனுப்பவில்லை. எதிர்க் கடைக்காரன் முற்றத்தை அகலப்படுத்தினான். நான் ஜன்னலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன்.

ஏப்ரலில் பனி உருகியது. கிராமத்துச் சரளை ரோடு ஒன்றின் ஓரப் பள்ளத்தில் ஒரு ஆள் பிணமாகக் கிடைத்தார். பெயர் ஐவர் ஹல்கிரென். நவம்பர் மாதம், கார் நின்றுபோய் நெடுஞ்சாலையில் நடந்து வந்தவர். பெரிய உருவம். வலது கையில் கையுறை இல்லை.

அந்த வாரமே பூஷே எனக்கு போன் செய்தார்.

"ஓரெஸ்ட், அந்த வைப்பர் விஷயம்... உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. பார்த்தேன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான் எழுதல."

மறுமுனையில் அவர் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வண்டியோட பழைய ஓனர் இன்னைக்குக் காலைலதான் ஒத்துக்கிட்டான். இது அவனையும் என்னையும் தவிர வேற யாருக்கும் தெரியாது."

அப்புறம் சொன்னார். மோதியதும் ஹல்கிரென் கீழே விழவில்லை. பானெட்டின் முன் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஓட்டியவன் பயத்தில் நிறுத்தவில்லை. அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தார். கண்ணாடி வரை வந்துவிட்டார். அவனை நேராகப் பார்த்துக்கொண்டே தட்டினார். நிறுத்தச் சொல்லி, ரொம்ப தூரம் தட்டிக்கொண்டே வந்தார்.

அந்தக் கையைப் பார்க்க முடியாமல், அவன் வைப்பரைப் போட்டான்.