சவர்க்காரக் குமிழியும் தாமஸ் கிண்ணமும்

பிரிக்ஃபீல்ட்ஸில் சிவமலரின் சாப்பாட்டு மேசையில் யாரும் சாப்பிட்டு மாதக்கணக்காகிவிட்டது. அதன்மேல் ஒரு பெரிய தட்டு நிறையச் சவர்க்காரத் தண்ணீர், தண்ணீர் முழுக்கப் பெரிதும் சிறிதுமாய்க் குமிழிகள். கல்லூரியில் பௌதிகம் படிப்பிக்கிறவள், நாற்பது வயதில் முனைவர் பட்டத்துக்கு இந்தக் குமிழிகளைத்தான் நம்பியிருந்தாள். கண்ணாடிக்குள் அணுக்களும் இப்படித்தான் ஒழுங்கில்லாமல் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. ஓரத்தை ஒரு மரச்சட்டத்தால் மெல்லத் தள்ளினால் எல்லாக் குமிழிகளும் கொஞ்சம் நகரும். பிறகு எங்கோ ஓரிடத்தில் நாலைந்து மட்டும் திடீரென்று இடம் மாறிக்கொள்ளும், பழைய இடத்துக்குத் திரும்பவே திரும்பாது. அந்த இடம் எது என்று முன்கூட்டியே காட்ட வேண்டும்.

படிகமென்றால் வரிசை இருக்கும், வரிசை பிசகிய இடத்தைக் காட்டிவிடலாம். இங்கே எல்லாமே பிசகு, எதைக் காட்டுவது? நாலு வருடமாகப் படங்களை உற்றுப் பார்த்துக் கண் எரிந்ததுதான் மிச்சம். இந்த மாதத்துக்குள் காட்டாவிட்டால் பதிவு ரத்து என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

படம் எடுப்பது கணவர் பாலசுந்தரம். பழைய கேமரா, ஒவ்வொரு படத்துக்கும் பிலிமைக் கையால் சுற்ற வேண்டும். மனிதர் அதை மறந்துவிட்டு, கூடத்து டீவியில் தாமஸ் கிண்ணப் பூப்பந்து அரையிறுதியை எட்டி எட்டிப் பார்த்திருக்கிறார். பிலிம் கழுவி வந்தபோது, தள்ளுவதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை ஒன்றின்மேல் ஒன்றாய் விழுந்திருந்தன. சிவமலர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

குப்பையில் போடப் போனவள் நின்றாள். ஒவ்வொரு குமிழியும் இரண்டாகத் தெரிந்ததால் அது போன வழியும் தெரிந்தது. ஓரிடத்தில் அந்த வழிகள் எதிரெதிராக வந்து முட்டி, இரு பக்கமும் பிரிந்து போயின. அடுத்த படத்தில் இடம் மாறியிருந்தவை அதே குமிழிகள். இத்தனை நாள் அவை நின்ற நிலையையே பார்த்திருக்கிறாள். பிசகு நகர்ந்த போக்கில் இருந்தது. ஆனால் ஒரு படத்தைக் காட்டினால் தற்செயல் என்றுதான் பேராசிரியர் சொல்வார்.

இறுதியாட்டத்தன்று பிரிக்ஃபீல்ட்ஸே டீவி முன்னால் உட்கார்ந்திருந்தது. பாலசுந்தரம் டீவியை அணைத்துவிட்டுக் கேமராவோடு வந்து நின்றார்.

"இன்னிக்கு ஒழுங்கா சுத்தறேன் லா, மலர்."

அவளுக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சுத்தாதீங்க. அன்னிக்குக் கெடுத்த மாதிரியே கெடுங்க."

கூடத்துக்குப் போய் அவளே டீவியைப் போட்டு, சத்தத்தையும் கூட்டி வைத்தாள்.