காஞ்ச ஓடையும் ஒரு சைபரும்

எங்க எஸ்டேட் ஆபீசுக்குப் போன வாரம் புது கம்ப்யூட்டர் வந்துச்சு. பழசுல ஸ்விட்சைப் போட்டுட்டு ஒரு டீ குடிச்சுட்டு வரலாம். இது அப்படி இல்ல. நாற்காலிய இழுக்கறதுக்குள்ள ரெடியா நிக்குது. மனுஷன நிம்மதியா சும்மா இருக்க விடுதா?

பழைய ஃபைலை எல்லாம் பென் டிரைவ்ல அள்ளிட்டு வந்து இதுல கொட்டினேன். மழை ஃபைல் மட்டும் மொரண்டு புடிச்சுது. தினமும் மலைல பெய்யற மழைய அளந்து ஏத்தற டேட்டாபேஸ். எனக்கு முன்னாடி இருந்த ரைட்டர் ஆரம்பிச்சது. (எஸ்டேட்ல ரைட்டர்னா கணக்கெழுதறவருங்க. இந்தப் பத்தி எழுதறதுக்காக என்னை யாரும் அப்படிக் கூப்பிடறதில்ல!)

'கூட இருக்க வேண்டிய ஃபைல் ஒண்ணக் காணோம்'னு எச்சரிக்கை வந்துச்சு. பரவால்லன்னு அமுக்கினேன். தொறந்துருச்சு.

அவசரம் எனக்கில்ல, பக்கத்துல உக்காந்திருந்த ஜப்பார் பாய்க்கு. டவுன்ல மளிகைக் கடை வெச்சிருக்கார். எங்க எஸ்டேட்டுக்குக் கீழ, மஞ்சக்குட்டைல காஞ்ச ஓடை ஓரமா வீடு கட்ட எடம் வாங்கிட்டார். மறுநாள் அஸ்திவாரம் தோண்ட ஆள் வருது.

"ஏனுங்க ரைட்டர் சார், அந்த ஓடைல எப்பவாச்சும் வெள்ளம் வருங்களா? ஊட்ல நொம்ப பயப்படறாங்க. உங்க பொட்டியக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டேன். எல்லா நாளும் ஒழுங்கு. ஒரே ஒரு நாள் மட்டும்... ஒரு மாச மழை மொத்தமா!

"பழைய ரைட்டர் தூக்கக் கலக்கத்துல ஒரு சைபர் சேத்துட்டாரு பாய்."

"அவராச்சும் தூக்கத்துலங்க. நீங்க முழிச்சுக்கிட்டே எம்பேரத் தப்பா அடிக்கறவரு."

சைபரை எடுத்தேன். மழை சாதுவாயிருச்சு. "தைரியமாக் கட்டுங்க!"ன்னேன். பாய் சந்தோஷமா செருப்பை மாட்டினார்.

அந்த எச்சரிக்கை மட்டும் திரும்பத் திரும்ப வந்து கண்ணை உறுத்துச்சு. சரி, தொலையட்டும்னு பழைய மெஷின்ல தேடினா, காணாமப் போன ஃபைல் அங்கயேதான் இருந்துச்சு. திருத்துனதை சேவ் பண்ணாம மூடிட்டு, இதையும் காப்பி பண்ணி மறுபடி தொறந்தேன்.

சைபர் திரும்பி வந்து உக்காந்திருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல, இதுவரைக்கும் காலியா இருந்த கட்டத்துல, பழைய ரைட்டரோட குறிப்பு —

'மழை அளக்கற பாத்திரம் ரொம்பி வழியுது. கொட்டிட்டு வெக்கறதுக்குள்ள மறுபடி ரொம்புது. கடைசியாப் போனப்ப பாத்திரத்தையே காணோம். அதுவரைக்கும் அளந்ததை மட்டும் எழுதியிருக்கேன்.'

அளந்தது மட்டும்தான் இவ்ளோன்னா... அளக்காதது எவ்ளோ?

 அப்பேர்ப்பட்ட மழையத்தான் நான் ஒத்தை விரலால அழிச்சிருக்கேன்! "பாய்!"னு கத்தினேன். வாசல்லருந்து ஓடி வந்தார். படிச்சுக் காட்டினேன்.  நேரா ஜீப்ல ஏறிட்டோம்.

ஓடை காஞ்சுதான் கெடந்துச்சு. நடுவுல ஒரே ஒரு பாறை. ஜீப் அளவுக்குப் பெருசு, முட்டை மாதிரி வழவழன்னு.

"இதுல சாஞ்சு உக்காந்து காபி குடிக்கலாம்னுதானுங்க இந்த எடத்தையே வாங்கினேன்"னார் பாய். சுத்திப் பார்த்தார். அப்படி ஒரு கல் வேற எங்கயும் இல்ல. அண்ணாந்து மலைய ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரைட்டர் சார்... இது இங்க மொளைக்கலைங்களே?"

அந்த மழைத் தண்ணிதான் மலைலருந்து இதை உருட்டிட்டு வந்திருக்கு! அதைத் தொட்டுப் பாக்கக்கூடத் தோணல.

அப்புறம் பாய் குனிஞ்சு, அஸ்திவாரத்துக்கு அடிச்சிருந்த குச்சிய ஒவ்வொண்ணாப் புடுங்கினார். அதே எடத்துல மேட்டுப் பக்கமா ஏறினார். தொப்பையத் தூக்கிட்டு நானும் பின்னாலயே போனேன். எனக்கு மூச்சு வாங்கற எடம் வந்ததும் குச்சிய எங்கையில குடுத்து, "இங்க நடுங்க"ன்னார்.

அந்தப் பாறை இன்னும் போக வேண்டிய எடத்துக்குப் போய்ச் சேரலீங்க... வழிய விட்டே உக்காருவோம்!