விறகுக்கட்டு பிரேக்

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், திருவண்ணாமலையை நோக்கிச் செங்கம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். செங்கத்தில் அரிசி மில் வேலையை விட்டுவிட்டு விடியும் முன்பே கிளம்பியிருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான்; ஓரிடத்தில் ஆறு மாதம் தங்கினால் கால் அரிக்கும். வழியில் ஒரு செருப்பின் வார் அறுந்துவிட்டதால் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு வந்தேன்.

ஆசிரமப் பகுதி வந்தபோது ஒரு வாடகை சைக்கிள் கடை கண்ணில் பட்டது. பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் எனக்குத் தெரியும். கடைக்கார பாயிடம் வேலை கேட்டேன்.

"இந்த ஊர்ல உன்னைத் தெரிஞ்சவங்க யார்னா இருக்காங்களா?"

"யாரும் இல்ல பாய்."

"தெரியாத ஆளுக்கு வாடகைக்கே சைக்கிள் தரமாட்டேன். வேலை எப்படிப்பா தர்றது?"

எல்லா ஊரிலும் அதுதான் வழக்கம். தெரிந்தவர் யாராவது சொன்னால்தான் கடையை விட்டுச் சைக்கிள் வெளியே போகும். ஊர் ஊராகச் சுற்றிய எனக்கு அதுவரை ஒரு கடைக்காரரும் சைக்கிள் தந்ததில்லை. அன்று என்னவோ, நகராமல் அங்கேயே நின்றேன். பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். முந்தைய நாள் ஆசிரமத்தார் சொன்னதன் பேரில் ஒரு வெள்ளைக்காரர் சைக்கிள் எடுத்துப்போய், மலைக்குப் பின்பக்கம் விறகுக்காரர்கள் நடக்கிற தடத்தில் தள்ளிக்கொண்டு ஏறினாராம். பிரேக் கட்டை கழன்று விழுந்து செயினும் அறுந்ததும், சைக்கிளை மேலே ஒரு பாறையோரம் விட்டுவிட்டு நடந்தே திரும்பி வந்துவிட்டாராம்.

"போய்க் கொண்டாந்துடு. அப்புறம் வேலையப் பத்திப் பேசலாம். தள்ளிக்கிட்டுதான் வரணும், ஏறக் கூடாது."

"நான் எடுத்துக்கிட்டு ஓடிட்டா?"

"செயினும் இல்ல, பிரேக்கும் இல்ல. எவ்ளோ தூரம் ஓடுவே?" என்று சிரித்தார்.

சைக்கிள் பாறையில் சாய்ந்தபடியே இருந்தது. பத்தடி நல்ல பிள்ளையாகத் தள்ளினேன். பிறகு தடம் சரிந்து கீழே போவதைப் பார்த்தேன். அதன் பிறகு என்னால் முடியவில்லை. ஏறிவிட்டேன். முதல் தடவை ஒரு புதரில் விழுந்தேன். அடுத்தது சரளைக்கல் திருப்பத்தில். மூன்றாவது தடவை சைக்கிள் முன்னே போக, நான் பின்னே உருண்டேன்.

மேலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. விறகுக்கட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு அக்கா, கட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"இன்னாபா, ஏறறதும் விழறதுமா கீறே? எதுனா வேண்டுதலா?"

"பிரேக் இல்லக்கா."

"தோ கீது பிரேக்கு" என்று காலால் விறகுக்கட்டைத் தட்டினார். "இத பின்னாடி கட்டி இழுத்துக்கினு போ. எனக்கும் தலைபாரம் கம்மி."

விறகுக்கட்டின் கயிற்று நுனியைச் சீட்டுக்கு அடியில் கட்டினோம். மறுபடி ஏறினேன். சைக்கிள் ஓடத்தான் பார்த்தது, விறகுக்கட்டு விடவில்லை. பின்னால் தரதரவென்று சத்தம். முதுகுக்குப் பின்னே ஒரு லாரி போனதுபோல் புழுதி. இடையில் ஒரு வேரில் கட்டு மாட்டியதால் இன்னொரு முறை விழுந்தேன், அவ்வளவுதான். மற்றபடி கல்லிலும் பள்ளத்திலும் குதித்துக் குதித்து, வாய்விட்டுக் கத்திக்கொண்டே இறங்கினேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே நினைவில் இல்லை.

அடிவாரத்தில் கட்டை அவிழ்த்து, பின்னாலேயே இறங்கி வந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பாய் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தார்.

"ஏறலையே?"

"இல்ல பாய். தள்ளிக்கிட்டேதான் வந்தேன்."

வேலை போய்விடுமே என்ற பயத்தில் சொன்ன பொய். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்த அக்கா கடை வாசலுக்கே வந்து, கட்டைத் தொப்பென்று போட்டார்.

"பாருங்க பாய், ஒரு சாண் தேஞ்சு போச்சு என் வெறகு!"

"இவனை உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம? எத்தினி வாட்டி விழுந்தான்னு கேளுங்க, சொல்றேன். நாலு வாட்டி! ஒவ்வொரு வாட்டியும் மொதல்ல சைக்கிளத்தான் தூக்கிப் பார்த்தான், அப்புறம்தான் தன் முட்டிய."

எனக்குத் தலை நிமிரவில்லை. செய்யாதே என்றதைச் செய்ததோடு, பொய்யும் சொல்லி மாட்டிக்கொண்டேன். பாய் ரத்தம் வழிந்துகொண்டிருந்த என் முட்டியைப் பார்த்தார்.

"தெரிஞ்ச ஆள் யாரும் இல்லன்னியே, உன்னை இவ்ளோ நல்லா தெரிஞ்ச ஆளே இருக்குது!" என்று உரக்கச் சிரித்தார். "காலைல வா. ஆனா எங்கிட்ட பொய் சொல்றது இதோட சரி."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் வேலை கேட்டு நின்றிருக்கிறேன். "உன்னை யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி வரும்போதெல்லாம், நான் விழுந்ததை எண்ணி வைத்திருந்து எனக்காகப் பேசிய அந்த அக்காவின் குரல்தான் இன்றும் காதில் கேட்கிறது.

சொன்னபடி மறுநாள் காலை போனதும் பாய் என் கையில் ஒரு பழைய டயர்த் துண்டையும் கத்தியையும் கொடுத்தார். அதே சைக்கிளுக்குப் பிரேக் கட்டை வெட்டி மாட்டுவதுதான் என் முதல் வேலை. செயினையும் சேர்த்து மாட்டி முடித்து, தள்ளிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன்.

"ஏன் தள்றே? ஏறு" என்றார் பாய்.