நாற்பத்திநான்கு இடது கால்கள்

அமிர்தவள்ளிக்கு மவுஸைப் பிடிக்கவும் தெரியவில்லை, பிடிக்கவும் இல்லை. 2006 ஜூன் மாதம் ஆம்பூரில் அவள் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் நான்கு கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கின. அதுவரை அந்தப் பிரிவில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அதற்குப் பிறகு, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் சாமான் அவளைப் படாத பாடு படுத்தியது.

பக்கத்திலுள்ள மின்னூர்க்காரி. பத்தொன்பது வயதில் பசை தடவும் வேலைக்கு வந்தவள். தொண்ணூற்றிரண்டில் கட்டிங் மேஜையில் ஒருவர் லீவு போட, ‘இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நில்லும்மா’ என்று நிறுத்தினார்கள். அந்த ஒரு நாள் பதினாலு வருஷம் ஓடிவிட்டது.

வேலை இதுதான்: ஷூவின் முன்பாகத்துக்கு ஓர் அட்டை உண்டு. அதைத் தோலின்மேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு, அடுத்த இடத்துக்கு நகர்த்த வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் மாடு என்ன கம்பெனிக்காகவா வளர்ந்தது? ஓரிடத்தில் முள் கீறியிருக்கும், ஓரிடத்தில் உண்ணி கடித்திருக்கும், வயிற்றுப் பக்கம் ரப்பராக இழுபடும். அமிர்தவள்ளி இரண்டு கட்டைவிரலாலும் தோலை இழுத்துப் பார்ப்பாள், ஒரு ‘ம்’ போடுவாள், பிறகு அட்டையை வைப்பாள். மற்றவர்கள் இருபது ஜோடி எடுக்கும் தோலில் இவள் இருபத்திரண்டு எடுப்பாள். அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், நியாயமான கர்வம்தானே.

புது மெஷினில் அட்டைக்கே இடமில்லை. மேஜையில் தோலை விரித்தால் மேலேயிருக்கும் கேமரா அதைப் படம் பிடித்துத் திரையில் காட்டும். திரையில் மவுஸால் துண்டுகளை இழுத்து இழுத்து அடுக்க வேண்டும். அடுக்கி முடித்தால் கத்தி தானாக வந்து வெட்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் சாந்தகுமார் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

“ரெண்டு வாரம் டைம். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி டெஸ்ட். ஓட்ட வரலைன்னா பேக்கிங் செக்‌ஷன். சம்பளம் கம்மியாவாது, பயப்படாதீங்க.”

சம்பளம் குறையாது என்றதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பேக்கிங்கில் டப்பாவுக்குள் காகிதம் திணிக்க வேண்டும். தோலைத் தொட வேண்டியதே இல்லை. அப்படியானால் இத்தனை வருஷமும் இந்தக் கை செய்தது வேலையே இல்லையா? அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். பக்கத்தில் இருந்தவளிடம் தூசி என்று சொன்னாள்.

முதல் வாரம் மவுஸோடு மல்லுக்கட்டினாள். ஒரு துண்டை இந்தப் பக்கம் இழுத்தால் அது மேஜைக்கு வெளியே பறந்தது. அம்புக்குறி மேலே போக வேண்டும் என்று மவுஸையே அந்தரத்தில் தூக்கினாள். பக்கத்து மேஜை ஷர்மிளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“தோல தொடாம இன்னாத்தடி வைக்கிறது?” என்று அமிர்தவள்ளி எரிந்து விழுந்தாள்.

கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். எல்லா மேஜையின் பழைய அட்டைகளையும் தேடியெடுத்து, போதாததற்கு அதே அளவில் புதிதாக வெட்டி வந்து தோலின்மேல் நிஜமாகவே அடுக்குவாள். பிறகு எட்டி எட்டிப் பார்த்து, அதே மாதிரி திரையில் ஒவ்வொன்றாக இழுத்து வைப்பாள். அடுக்கப் பத்து நிமிஷம், இழுக்க முக்கால் மணி நேரம்.

இதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் முனீர் அகமது. கம்பெனியின் எலக்ட்ரீஷியன், கம்ப்யூட்டர் மெக்கானிக், ஃபேன் ரிப்பேர்காரர் எல்லாம் அவர் ஒருவரே. அமிர்தவள்ளி சேர்ந்த அதே மாசம் சேர்ந்தவர்.

“ஏம்மா, ஒரே வேலைய ரெண்டு தபா செய்ற?”

“பின்ன? கையால வச்சது அந்தப் பொட்டிக்குத் தெரியுதா பாய்?”

முனீர் மேலே இருந்த கேமராவைப் பார்த்தார். அட்டைகளைப் பார்த்தார். டீ குடிக்கப் போகாமல் அப்படியே நின்றார். முனீர் டீயை மறந்தால் ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம்.

மூன்று நாளில் வேலை முடிந்தது. ஒவ்வொரு அட்டையிலும் கறுப்பு வெள்ளைக் கட்டமாக ஒரு குறியை அச்சடித்து ஒட்டினார். கேமரா அந்தக் குறியைப் பார்த்ததும், அட்டை எங்கே எந்தச் சாய்வில் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்ளும். மேஜையில் அட்டையை நகர்த்தினால் திரையில் துண்டு நகர்ந்தது. அட்டையைத் திருகினால் துண்டும் திருகியது. அமிர்தவள்ளி ஓர் அட்டையை வேண்டுமென்றே மேஜை முழுக்க இழுத்தடித்தாள். திரையில் அந்தத் துண்டும் கூடவே ஓடியது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சாந்தகுமார் கையில் கடிகாரத்தோடு நின்றார். அமிர்தவள்ளி திரைப் பக்கம் திரும்பவே இல்லை. இழுத்துப் பார்த்து, ‘ம்’ போட்டு, நாற்பத்திநான்கு அட்டைகளையும் பன்னிரண்டு நிமிஷத்தில் அடுக்கிவிட்டாள். படம் பதிந்ததும் அட்டைகளை வாரி எடுத்தாள். கத்தி இறங்கி வெட்டியது. அதே வேலைக்கு ஷர்மிளாவுக்கு மவுஸில் முப்பத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

சாந்தகுமார் துண்டுகளை ஜோடி சேர்க்கத் தொடங்கினார். ஒன்றை எடுத்தார், இடது கால். இன்னொன்றை எடுத்தார், அதுவும் இடது கால். குவியலைக் கிளறினார். அவர் முகம் மாறியது.

“இன்னாம்மா இது? ஊர்ல எல்லாருக்கும் ரெண்டும் எடது காலா?”

ஒரு முழுத் தோல் போயிற்று. பேக்கிங் பிரிவின் பசை டேப் வாசனை அப்போதே அமிர்தவள்ளியின் மூக்கில் அடித்தது. ஆனால் அவள் கை தப்பு செய்யாது என்பது அவளுக்குத் தெரியும். ஓர் அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“சார், இப்டி வச்சா எடது.” அதையே கவிழ்த்துப் போட்டாள். “கவுத்தா வலது. இருவத்தி ரெண்டு நேரா வச்சேன், இருவத்தி ரெண்டு கவுத்து வச்சேன். அட்டை வைக்கிற எவனுக்கும் இது தெரியும்.”

முனீர் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டார்.

“யா அல்லா! எந்தப் பக்கம் வுழுந்தாலும் தெரியட்டும்னு ரெண்டு பக்கமும் ஒரே குறிய ஒட்டிட்டேன் சார். கவுத்தாலும் கம்ப்யூட்டரு நேராத்தான் இருக்குன்னு நெனச்சிக்கிச்சி.”

அந்த மாடலில் இரண்டு காலுக்கும் உட்பக்கத்து வளைவு ஒன்றுதான் வித்தியாசம். அதனால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த முனீருக்கும் பிடிபடவில்லை.

சாந்தகுமார் திட்டப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவரோ ஷர்மிளா பக்கம் திரும்பினார்.

“மவுஸ்ல ஒரு துண்டக் கவுக்கணும்னா இன்னா செய்றீங்க?”

“மெனுவத் தொறந்து, ‘ஃபிளிப்’ எங்கன்னு தேடி, அமுக்கி, அப்புறம் மறுபடி இழுத்து வைக்கணும் சார். அதான் சார் ஜாஸ்தி நேரம் ஆவுது.”

சாந்தகுமார் அந்த அட்டையை வாங்கித் தானே ஒருமுறை கவிழ்த்துப் பார்த்தார். மறுபடி நிமிர்த்தினார். மறுபடி கவிழ்த்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த பிள்ளையைப் போல நின்றவர், பிறகுதான் தான் மேனேஜர் என்பது நினைவுக்கு வந்து தொண்டையைச் செருமினார்.

“பாய், பின்பக்கத்துக்கு வேற குறி போட எவ்ளோ நேரம் ஆவும்?”

“சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன் சார்.”

முடித்தார். மத்தியானம் இரண்டாவது தோலை விரித்தார்கள். இந்தத் தோலில் நடுமுதுகில் ஒரு சூட்டுக் குறி வேறு. அமிர்தவள்ளி அதைச் சுற்றி அட்டைகளை வளைத்து வளைத்து வைத்தாள். ஒவ்வொரு முறை அவள் மணிக்கட்டு புரண்டபோதும் திரையில் துண்டு புரண்டது. பதினொரு நிமிஷம். சாந்தகுமார் ஒவ்வொரு ஜோடியாகச் சேர்த்து எண்ணினார். இருபத்திரண்டு இடது, இருபத்திரண்டு வலது.

யாருக்கு எந்தப் பிரிவு என்று எழுதிவைத்திருந்த பட்டியலை எடுத்தார். பேக்கிங் என்பதற்குக் கீழே பென்சிலில் எழுதியிருந்த அமிர்தவள்ளி பெயரை அழித்தார். ரப்பர் தூளை ஊதிவிட்டு, பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரிடம் சொன்னார்:

“இவங்க பேருக்கு நேரா கம்ப்யூட்டர் ஆபரேட்டர்னு போடுங்க.”

அமிர்தவள்ளி பதறிப்போனாள்.

“ஐயோ சார், நான் அத தொடவே இல்லியே!”

“தொடாமயே ஓட்டுறீங்களே, அதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஷர்மிளா கை தட்டினாள். தன் மேஜைக்கும் அட்டை வேண்டுமென்று அப்போதே முனீரிடம் கேட்டுவைத்தாள். அமிர்தவள்ளிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனால் அவள் அதற்கெல்லாம் நின்றுகொண்டிருக்கவில்லை. மேஜையைக் கையால் துடைத்தாள்.

“இன்னா பாய் பாத்துக்கினு நிக்கிறீங்க? காலைல ஒரு தோல வீணாக்கினீங்க இல்ல? அடுத்ததக் கொண்டாங்க, இருவத்தி மூணு எடுக்கிறேன்.”