முனீஸ்வரனுக்கு மல்லாட்டை

திண்டிவனத்தில் எந்தத் தெருமுனையிலாவது புதிதாக ஒரு சாமிக் கல் முளைத்திருந்தால் நான் உடனே கும்பிடுவதில்லை. யார் நட்டது, எதற்காக நட்டது என்று சற்று நின்று யோசிப்பேன். இந்தச் சந்தேகம் அம்மாவிடமிருந்து வந்தது. அதற்குக் காரணம் என் தாய்மாமன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு காலி மனை இருந்தது. பொழுது சாய்ந்தால் அங்கே குடிக்க ஆட்கள் கூடிவிடுவார்கள். போலீஸ் வந்து லத்தியால் விரட்டும். வேலிக்காத்தான் புதருக்குள் ஓடியவர்கள், ஜீப் சத்தம் அடங்குவதற்குள் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே மது அருந்தக் கூடாது என்று நகராட்சி ஒரு பலகை நட்டது. அதில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் குடித்தார்கள்.

என் அக்கா அப்போது மாலையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். போக வேறு வழி கிடையாது, அந்த மனையை ஒட்டித்தான் போகவேண்டும். துணைக்கு என்னையும் அனுப்புவார்கள். ஒருநாள் குடிகாரன் ஒருவன் ஏதோ பாடிக்கொண்டே அக்காவின் பின்னால் வீடுவரை வந்துவிட்டான். இன்னொரு முறை இப்படி நடந்தால் வகுப்பும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

தெருப்பெண்கள் கூடிப் பேசி, அங்கே ஒரு சாமியை வைத்துவிட்டால் எவன் குடிப்பான் என்று முடிவு செய்தார்கள். மேல்மலையனூரிலிருந்து மண் எடுத்துவந்து அங்காளம்மனை வைக்க அம்மாவுக்கு ஆசை. கல்லும் சூலமும் கொண்டுவர முன்வந்த மாமாதான் மறித்தார்.

"அம்மன வச்சா வருஷா வருஷம் கூழு ஊத்தணும்க்கா. முனீஸ்வரன்னா கோவக்கார சாமி. ஒருத்தன் கிட்ட வரமாட்டான்."

எதற்கும் உதவாத தம்பி திடீரென்று இவ்வளவு அக்கறையாகப் பேசியது அம்மாவுக்கு அப்போதே உறுத்தியது. மற்றவர்கள் சரி என்றதால் விட்டுவிட்டாள்.

மஞ்சள் பூசிய கல் வந்தது. சில நாள் மனை வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு ஒரு மாலை கல்லுக்கு முன்னால் இலை போட்டு, சுருட்டும் பாட்டிலும் வைத்து, சூடம் ஏற்றியிருந்தார்கள். எங்கள் பக்கம் முனீஸ்வரனுக்கு அதுதான் படையல். அவசரத்தில் தெருவில் ஒருத்திக்கும் அது நினைவுக்கு வரவில்லை. சாமிக்குப் படைத்ததைக் கீழே ஊற்ற முடியுமா? சுற்றி உட்கார்ந்து பக்தியோடு பகிர்ந்துகொண்டார்கள். அடுத்து வந்த போலீஸ்காரர் பூட்ஸோடு கிட்டே போகத் தயங்கி, தூரத்திலேயே தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதல் படையல் போட்ட அன்று மாமா நெற்றி நிறைய விபூதியோடு வீட்டுக்கு வந்தார். கோவில் வாசலை மிதிக்காத மனிதர். அம்மா கிட்டே போய் மோந்து பார்த்தாள்.

"இன்னாடா, சூட வாசனையோட இன்னொண்ணும் வருது?"

"சாமிக்குப் படைச்சது. வேணாம்னு சொல்லக் கூடாதுக்கா."

"படைச்சவன் எவன்?"

மாமா கை கழுவப் போய்விட்டார். அம்மா என்னைத் தனியாக அழைத்து, வழியில் என்ன பார்த்தாய் என்று கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன். நாங்கள் வகுப்பு முடிந்து வந்தபோது, எங்களைக் கண்டதும் கல்லுக்குப் பக்கத்திலிருந்து மாமா எழுந்து மற்றவர்களை அதட்டினார்.

"பொண்ணுங்க வருது. வாய மூடிக்கினு குந்துங்கடா. சாமி பாத்துக்கினு கீது."

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். முன்பு அக்காவின் பின்னால் பாடிக்கொண்டு வந்தவனும்கூட.

அம்மா அப்பாவிடம் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் வகுப்புக்குக் கிளம்பும்போது ஒரு தூக்கு நிறைய மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, உப்புப் போட்டு வேகவைத்து, என் கையில் கொடுத்தாள். சாராயக்கடை வாசலில் கூறு கட்டி விற்பார்களே, அதேபோல்.

"மாமாகிட்ட குடு. சாமிக்குன்னு சொல்லு."

பரீட்சை வரும்வரை வகுப்புள்ள நாளெல்லாம் மல்லாட்டை போனது. தெருப்பெண்கள் குடிகாரர்களைத் திட்டும்போது அம்மாவும் சேர்ந்து திட்டுவாள். உள்ளே அடுப்பில் மல்லாட்டை வெந்துகொண்டிருக்கும். அதற்காக மாமாவை நம்பிவிட்டாள் என்றும் சொல்ல முடியாது. நாங்கள் திரும்பும்வரை வாசலில் நின்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அக்கா விழுப்புரம் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மறுநாள், நான் வழக்கம்போல் தூக்கைத் தேடினேன். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"சாமிக்கு இன்னைக்கி மல்லாட்டை இல்லியாம்மா?"

"சாமிக்கு வயிறு ரொம்பிடுச்சி. நீ போயி படி."

எனக்குப் பெரிய நிம்மதி. இத்தனை நாளும் பசியில்தான் முனீஸ்வரன் கோபமாக இருந்திருக்கிறார், இனி யாரையும் ஒன்றும் செய்யமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.