அந்தோணியை அணியில் வைத்துக்கொள்ளலாமா?

இன்று மாலை வேலம்பாளையம் பேக்கரிக்குத் தேநீர் குடிக்கப் போனேன். ரத்தம் பார்த்துத் திரும்பினேன்.

எங்கள் ஏரியா கால்பந்து அணியில் கோல் அடிப்பதெல்லாம் அந்தோணிதான். போன ஞாயிறு எதிரணி கோல்கீப்பரைத் தலையால் முட்டி மூக்கை உடைத்துவிட்டான். அவனை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று பேக்கரியில் பேச்சு.

"கோபத்த அடக்கத் தெரியாதவன் நமக்கு வேண்டாமுங்க" என்றார் அணிச் செயலாளர் செல்வராஜ். பனியன் கம்பெனி டெய்லர். அணியின் ஜெர்சியெல்லாம் அவர் தைத்ததுதான்.

எதிரே இருந்த, அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் சிரித்தார். "அப்ப இந்த ஞாயித்துக்கெழம கோலு நீங்க அடிப்பீங்களாக்கு?"

"பல்லத் தட்டிப்போடுவனுங்க!"

மரியாதை குறையாமல் சொல்லிவிட்டு, டீ கிளாஸாலேயே அடித்தார் செல்வராஜ். மாஸ்டரின் காது கிழிந்து சட்டை நனைந்தது. மாஸ்டர் பிடித்து இழுத்ததில் செல்வராஜின் ஜெர்சி தோளோடு கிழிந்தது.

செல்வராஜ் குனிந்து பார்த்தார். "தையல் பிரியலீங்க. துணிதான் போயிருக்குது" என்றார். பிறகு மறுபடியும் அடித்தார்.

டீ குடிக்க வந்த அந்தோணிதான் நடுவில் புகுந்து பிரித்தான். இரண்டு பக்க அடியும் அவன் மேல் விழுந்தது. உதடு உடைந்தும் அவன் கையை ஓங்கவில்லை.

"விடுங்கண்ணே, நான் இனி வெளாட வரல. போதுமா?"

வகுப்பில் "பேசாதே" என்று கத்துகிற லீடரின் சத்தம்தான் பக்கத்து வகுப்பு வரை கேட்கும்.

அந்தோணியை வைத்துக்கொள்ளலாம். செயலாளரை? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். தயவுசெய்து பேக்கரிக்கு வந்து சொல்ல வேண்டாம்.