இரண்டாம் சாவி

2023 மே 31, புதன்கிழமை, மாலை ஐந்து நாற்பது. குற்றாலத்தில் சாரல் இன்னும் இறங்கவில்லை. தென்காசியில் காற்று மட்டும் எங்கள் அலுவலக ஜன்னல்களை அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் நான் அரசாங்கத்தின் சாவி ஒன்றைத் திருடினேன். ஆம், திருடினேன்!

அன்று நான் ஓய்வுபெறும் நாள்; கண்காணிப்பாளர் என்ற முறையில் பதிவறை பீரோவின் இரண்டு சாவிகளையும் ஒப்படைக்க வேண்டும். ஒன்றைக் கொடுத்தேன். மற்றது என் சட்டைப்பையில்...

ஏன்? நீங்கள் சிரிக்கக்கூடும். என் இடத்துக்கு வந்த இளைஞர்மேல் எனக்குச் சந்தேகம். அன்று மூன்று முறை பீரோவைத் திறந்து பார்த்தார்; எதற்கு மூன்று முறை? நாளை ஒரு கோப்பு காணாமல் போனால் பழி என் தலையில் விழாதா? இரண்டாம் சாவி அங்கே இல்லாவிட்டால் அவரால் வேறு யாரையும் கை காட்ட முடியாது என்று கணக்கிட்டேன். அது என்னிடம் இருப்பதுதான் பெரும்பழி என்பது எனக்குத் தோன்றவே இல்லை!

"இன்னொண்ணு எங்க சார்? பீரோவுக்குள்ள வச்சே பூட்டிட்டீங்களா?" என்று அவர் சிரித்தார்.

"எனக்கு முன்னால இருந்த கோமதிநாயகம் ஒண்ணுதான் தந்தாரு" என்றேன்.

கோமதிநாயகம் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார்... அதனால்தானே அந்தப் பெயர் என் வாயில் வந்தது?

பன்னிரண்டு நாள் கழித்து, நிலுவையின்மைச் சான்று விஷயமாக அழைத்தார்கள். போனேன். அங்கே கோமதிநாயகத்தின் மனைவி செல்லத்தாய் உட்கார்ந்திருந்தார்; நான் சொன்னதை நம்பி, சாவியைக் கேட்டு அவரையும் அழைத்திருந்தார்கள். கீழப்பாவூரிலிருந்து பேருந்தில் வந்தவர். முந்தானை சாரலில் நனைந்திருந்தது. கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டினார். பதினோரு சாவிகள்!

"வீட்டுல கெடந்த எல்லாத்தையும் பொறக்கிட்டு வந்துட்டேன் அண்ணாச்சி. அவுக ஆபீஸ் குண்டூசியக்கூட வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல. ஆனா நீங்க சொல்லுதீங்கன்னா பொய்யாவா இருக்கும்? ஒவ்வொண்ணா போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன். சைக்கிள் சாவியையும் பெட்டிச் சாவியையும்கூடத் திருகினேன். வீட்டில் வைக்கப் பயந்து கையோடு கொண்டுதிரிந்த உண்மைச் சாவி என் சட்டைப்பையில் கனத்தது. அப்போதும் என் புத்தி என்ன நினைத்தது தெரியுமா? இவர் எல்லாம் தெரிந்துகொண்டே என்னைச் சோதிக்கிறாரோ...

ஒன்றும் சேரவில்லை.

"அப்ப அவுகதான் எங்கனயோ தொலைச்சிருக்காவ. புதுப் பூட்டுக்கு நான் பணம் கட்டுதேன்."

"நீங்க எதுக்கும்மா?" என்றார் இளைஞர்.

"மனுசன் போயிட்டாரு தம்பி. பேரு இங்கனதான கெடக்கு?"

என் விரல் பைக்குள் போனது. சாவியைத் தொட்டது... எடுக்கவில்லை! எடுத்தால் சான்று நின்றுவிடும்; ஓய்வூதியம் இழுபடும்; முகம் போய்விடும்.

வாசலில் அவர் கைகூப்பினார். "அவுகளால உங்களுக்கு அலைச்சல். மனசுல வச்சிக்கிடாதீங்க அண்ணாச்சி."

நான் தலையசைத்தேன். மன்னித்ததுபோல!

அந்தச் சாவி இன்றும் என்னிடம் இருக்கிறது. அதற்குரிய பூட்டுதான் இல்லை. யாராவது கதவைத் தட்டினால் என் கை முதலில் அதைத் தேடுகிறது. செல்லத்தாய்க்குத் தெரியுமோ? இதைப் படிக்கும் உங்களுக்கு அவரைத் தெரியுமோ...

புதுப் பூட்டு, கூலியோடு, அறுநூற்று நாற்பது ரூபாய். செல்லத்தாய் கட்டினார். எனக்கு ஆன செலவு... ஒரு காசும் இல்லை.